'கண்ணீர் சிந்தாத வீரமகன்' என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் முதல் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. தேசியக்கொடி போர்த்திய பெட்டிக்கு முன்னால் ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன் விறைப்பாக நின்று சல்யூட் அடிக்கிறான். 'ஒரு சொட்டுக் கண்ணீர் சிந்தாமல் தந்தையை வழியனுப்பிய வீரமகன்' என்று படத்தின் கீழே போட்டிருந்தீர்கள். எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். சில ஆண்டுகளுக்கு முன்பு என்றால் எனக்கும் அந்த வரி பிடித்திருக்கும், நாலு பேருக்கு அனுப்பியும் இருப்பேன். இப்போது அதைப் படித்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தப் பையனின் சட்டைப் பொத்தான்கள் ஒரு துளை மாறிப் போடப்பட்டிருந்தன. அன்று காலை யாரோ கை நடுங்க, அவசர அவசரமாக அவனுக்குச் சட்டை மாட்டியிருக்கிறார்கள். அல்லது அவனே போட்டுக்கொண்டிருக்கிறான், வீட்டில் கவனிக்க யாருக்கும் தெம்பு இல்லை.

நான் பத்தொன்பது ஆண்டுகளாக அமெரிக்காவில் மருந்தாளுநராக இருக்கிறேன். என் தம்பி அமெரிக்கத் தரைப்படையில் பணியாற்றினான். மேற்படிப்புக்கு வந்தவன் எப்படி அந்த நாட்டுப் படையில் சேர்ந்தான் என்று கேட்காதவர்கள் இல்லை. கிரீன் கார்டு இல்லாவிட்டாலும், படைக்குத் தேவையான மொழி ஒன்று தெரிந்த வெளிநாட்டினரைச் சேர்த்துக்கொள்ளும் 'மாவ்னி' என்ற திட்டம் 2009 முதல் சில ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. 2016இல் புதிய சேர்க்கையை நிறுத்திவிட்டார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. "தமிழ்தான் அக்கா எனக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தது" என்பான். 2014இல் சேர்ந்தான், குடியுரிமையும் பெற்றான். அடுத்த ஆண்டு மகள் பிறந்தாள். எனக்கு அவள் ஒரே மருமகள்.

அவளுக்கு ஏழு வயதானபோது தம்பி ஒன்பது மாதப் பணிக்காகக் குவைத்துக்குப் போனான். படைவீரர்களின் வீடுகளில் அப்போது ஒரு வழக்கம் உண்டு. வண்ணக் காகிதத்தைப் பட்டையாக வெட்டி, வளையம் வளையமாகக் கோத்து, அப்பா வெளியூரில் இருக்கப்போகும் நாட்களின் கணக்குக்கு ஒரு சங்கிலி செய்து சுவரில் மாட்டுவார்கள். குழந்தை ஒவ்வோர் இரவும் படுக்கப் போகும்முன் ஒரு வளையத்தைக் கிழிக்கும். சங்கிலி தீர்ந்தால் அப்பா வந்துவிடுவார். எங்கள் வீட்டுச் சங்கிலியில் இன்னும் அறுபத்தொரு வளையங்கள் மிச்சமிருந்தபோது, பயிற்சியில் வாகனம் கவிழ்ந்து தம்பி இறந்துபோனான்.

சாவுச் செய்தியைச் சொல்ல வருகிறவர்கள் காலை ஐந்து மணிக்கு முன்பும் நள்ளிரவுக்குப் பிறகும் கதவைத் தட்டக்கூடாது என்று அங்கே விதி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு வந்தவர்கள் ஆறு மணிக்கு வந்தார்கள். கதவைத் திறந்தவள் குழந்தைதான். முழுச் சீருடையில் இரண்டு பேர் நிற்பதைப் பார்த்ததும், அப்பா தன் நண்பர்களிடம் ஏதோ பரிசு கொடுத்தனுப்பியிருக்கிறார் என்று நினைத்து அவர்களுடைய கைகளைப் பார்த்திருக்கிறாள். அழைப்புமணி அடித்தால் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வது அதற்குப் பிறகு வந்த பழக்கம்.

இறுதிச் சடங்கில் எக்காளம் ஊதினார்கள். 'டாப்ஸ்' என்று பெயர். மொத்தமே 24 சுரங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது. கொடியைப் பதின்மூன்று மடிப்பாக முக்கோணமாய் மடித்து, நன்றியுள்ள தேசத்தின் சார்பில் என்று சொல்லி என் தம்பி மனைவியின் மடியில் வைத்தார்கள். அப்போது குழந்தையின் உதடு கோணியது. நான் குனிந்து அவள் காதில் சொன்னேன்: "அழக்கூடாது கண்ணு. நீ சிப்பாயின் மகள்." அவள் அழவில்லை. வந்திருந்த எல்லாரும், தமிழர்களும் சரி, அந்த ஊர்க்காரர்களும் சரி, என்ன தைரியமான பிள்ளை என்று தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். அத்தை சொன்ன சொல்லை அந்தப் பிள்ளை பதினொரு மாதம் காப்பாற்றியது. உங்கள் படக்குறிப்பைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது இதுதான்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றும் நடந்தது. நாங்கள் யாரும் 'இறந்துவிட்டார்' என்ற சொல்லை அவளிடம் சொல்லவில்லை. "அப்பா சாமியிடம் போய்விட்டார்" என்றோம். படைவீரரின் பிள்ளைக்குப் போவது என்றால் என்ன? பயிற்சிக்குப் போனார், வந்தார். கொரியாவுக்குப் போனார், வந்தார். போதாததற்கு நம் வீடுகளில் யாரும் 'போகிறேன்' என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டுவதில்லை. "போய்விட்டு வருகிறேன்" என்றுதான் தம்பியும் சொன்னான். குழந்தை ஒவ்வோர் இரவும் சங்கிலியைக் கிழிப்பதைத் தொடர்ந்தாள். ஏதோ ஓர் ஆறுதலுக்காகச் செய்கிறாள் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம், ஒருவரும் கேட்கவில்லை. கடைசி வளையம் தீர்ந்த மறுநாள் காலை அவள் மஞ்சள் கவுனைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இருட்டும்வரை உள்ளே வரவில்லை. "சாமியிடமிருந்து வர எத்தனை வளையம் அத்தை?" என்று கேட்டாள்.

நான் மருந்துகளோடு வேலை செய்பவள். எதற்கு என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று எனக்குத் தெரியும். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

படைக் குடியிருப்பில் வீடு இருந்தால், வீரர் இறந்தபின் குடும்பம் 365 நாட்கள் அங்கேயே இருக்கலாம். அதற்குமேல் காலி செய்ய வேண்டும். காப்பீடு, உதவித்தொகை என்று பணத்தில் பெரிய குறை வைக்கவில்லை. தாள்களை நிரப்பித் தர ஓர் அதிகாரியையும் நியமித்திருந்தார்கள், அவர் பொறுமைசாலி. ஆனால் குழந்தை அப்பாவோடு சேர்த்து இன்னும் எதையெல்லாம் இழக்கிறது என்று எந்தத் தாளிலும் கட்டம் இல்லை. அந்தக் குடியிருப்பின் பள்ளியில் வகுப்புக்குப் பத்துப் பேருடைய அப்பாவோ அம்மாவோ எப்போதும் எங்காவது தொலைவில் இருப்பார்கள். அங்கே அவள் பத்தில் ஒருத்தி. புதிய ஊரின் பள்ளியில் அவள் 'அப்பா செத்துப்போன பெண்'. பாரி மகளிர் தந்தையையும் குன்றையும் சேர்த்தே சொல்லி அழுதார்கள் என்று பள்ளியில் படித்தபோது, அப்பா போன துக்கத்தில் மலையைப் பற்றி எதற்கு என்று எனக்குப் புரிந்ததில்லை. இவளைப் பார்த்தபிறகு புரிந்தது.

போன ஆண்டு ஒரு தோழி சொல்லித்தான் அந்த முகாமைப் பற்றித் தெரிந்துகொண்டோம். 1992 நவம்பரில் அலாஸ்காவில் தரைப்படைத் தேசியக் காவலர்களின் விமானம் ஒன்று விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவரான பிரிகேடியர் ஜெனரல் டாம் கேரலின் மனைவி பானி கேரல் 1994இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதன் சுருக்கப் பெயரும் அந்த எக்காள இசையின் பெயரேதான், டாப்ஸ். ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில், படையில் இறந்தோரை நாடு நினைவுகூரும் மெமோரியல் டே விடுமுறையை ஒட்டி, வாஷிங்டன் பகுதியில் குடும்பங்களைக் கூட்டுகிறார்கள். பெரியவர்களுக்கு ஒரு பக்கம் கூட்டம் நடக்கும், பிள்ளைகளுக்குத் தனியாக முகாம். அதற்குக் 'குட் கிரீஃப் கேம்ப்' என்று பெயர், நல்ல துயரம் என்று பொருள் சொல்லலாம். துயரத்தில் நல்லது என்ன இருக்கிறது என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது.

முகாமுக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பெரியவர். ஐம்பது குழந்தைக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கெல்லாம் இல்லை. படையில் இப்போது பணியில் இருப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும் பயிற்சி எடுத்துக்கொண்டு, தங்கள் விடுமுறையைச் செலவிட்டு, சம்பளம் இல்லாமல் வருகிறார்கள். மென்டர் என்கிறார்கள், நான் வழித்துணை என்று சொல்லிக்கொள்கிறேன். மருமகளுக்கு வந்த வழித்துணை இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர். அன்று காலை சீருடையிலேயே வந்திருந்தார். சீருடையைப் பார்த்ததும் அவள் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். கதவைத் தட்டியவர்களின் உடையல்லவா? அவர் கையை நீட்டவில்லை, பெயர் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம் கழித்து அவள் எட்டிப் பார்த்து, "உங்கள் பூட்ஸ் கயிறு வெளியே தொங்குகிறது" என்றாள். படைவீரர்கள் பூட்ஸ் கயிற்றை முடிந்தபின் நுனியை உள்ளே செருகிவிட வேண்டும். தம்பி காலையில் கிளம்பும்போது அந்த நுனியைச் செருகுவது அவளுடைய வேலையாக இருந்தது. "எனக்குச் சரியாக வராது, நீ செய்வாயா?" என்றார் அவர். அவள் குந்தி உட்கார்ந்து, சிறுவிரலால் கயிற்றை உள்ளே தள்ளி, இரண்டு பூட்ஸையும் சரிசெய்தாள். அவர் வேண்டுமென்றே வெளியே விட்டிருந்தாரா என்று நான் பிறகு கேட்டேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை.

அந்தக் கூடத்தில் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசியதைக் கேட்டேன். பெரியவர்களாகிய நாம் நாலு வாக்கியம் சுற்றி வளைத்துத் தொடும் இடத்துக்கு அவர்கள் ஒரே எட்டில் போய்விடுகிறார்கள்.

"உனக்கு யார்?"

"அப்பா. உனக்கு?"

"அண்ணன். ஹெலிகாப்டர். உன் அப்பா?"

"வண்டி கவிழ்ந்துவிட்டது."

"ஓ. அந்தப் பந்தை எடுக்கிறாயா?"

அவ்வளவுதான். பதினொரு மாதத்தில் அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. கேட்டவனின் முகம் மாறவில்லை, தலையைத் தடவவில்லை, 'பாவம்' என்று சொல்லவில்லை. பந்தை எடுக்கச் சொன்னான், அவளும் எடுத்து எறிந்தாள். குழந்தைகளின் துக்கம் மழைத் தண்ணீர் தேங்கிய குட்டையில் குதிப்பது போல என்று அங்கிருந்த ஆலோசகர் ஒருவர் விளக்கினார். சட்டென்று உள்ளே இறங்குவார்கள், சட்டென்று வெளியே வந்து விளையாடப் போய்விடுவார்கள். விளையாடுகிறதே என்று பார்த்து, இதற்கு ஒன்றும் புரியவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எப்படி இறந்தார் என்று பார்த்து அங்கே யாரையும் தரம் பிரிப்பதில்லை. அமெரிக்காவில் போரில் இறந்தவரின் குடும்பத்துக்கு ஒரு தங்க நட்சத்திரச் சின்னமும், பணிக்காலத்தில் வேறு காரணத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு வேறொரு சின்னமும் கொடுக்கிறார்கள். சட்டப்படி அதற்கு ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் "போரிலா?" என்று கேட்டுவிட்டு, "இல்லை, விபத்து" என்றதும் குரலைத் தாழ்த்திக்கொண்ட உறவினர்கள் எத்தனை பேர் என்று என் தம்பி மனைவிக்குத் தெரியும். முகாமில் ஒரு பையனின் அப்பா புற்றுநோயால் இறந்தவர். இன்னொரு பெண்ணின் அப்பா தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர். அந்தப் பெண்ணின் அம்மா எங்களோடு உட்கார்ந்து, கணவர் எப்படிப் பாடுவார் என்று சொல்லிச் சொல்லி அழுதார். அவர் எப்படி வாழ்ந்தார் என்று தன்னிடம் கேட்டவர்கள் அங்கே இருந்தவர்கள் மட்டும்தான் என்றார். எல்லாருடைய நெஞ்சிலும் இறந்தவரின் படம் போட்ட வட்டச் சின்னம் ஒன்று குத்தியிருந்தது. எங்கள் சின்னத்தில் தம்பி வேட்டி கட்டி, பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நிற்கிறான். மருமகள் தேர்ந்தெடுத்த படம் அது.

முதல் நாள் இரவு அவள் வீரிட்டு அழுது, சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தாள். ஊருக்குப் போய்விடலாம் என்று நான் பெட்டியை எடுத்துவிட்டேன். பதினொரு மாதமாகத் தேக்கி வைத்தது உடைந்துவிட்டது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. என்னைத் தடுத்தது அவள் அம்மாதான். "அழட்டும் அண்ணி" என்றாள்.

மறுநாள் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைக்குப் போனோம். மெமோரியல் டேக்கு முந்தைய வியாழனன்று இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட நடுகற்களுக்கு முன்னால் சிறு கொடி ஒன்றை நட்டுவிடுகிறார்கள். மருமகளின் வழித்துணை அந்தப் பணியைச் செய்யும் படைப்பிரிவைச் சேர்ந்தவர். எத்தனை தூரத்தில் நட வேண்டும் என்பதற்கு அவர்கள் அளவுகோல் எடுத்துப் போவதில்லை. பூட்ஸைக் கல்லோடு ஒட்டி வைத்தால், அதன் மறுமுனை எங்கே முடிகிறதோ அங்கே கொடி. அவர் அதைச் செய்து காட்டினார். அவள் தன் சின்னக் காலை அவர் பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பாதிகூட வரவில்லை. "என் அப்பாவுக்கு இங்கே கல் இல்லை. எரித்துவிட்டோம்" என்றாள். 'எரித்துவிட்டோம்' என்ற சொல் அவளுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. பிறகு அவரிடம் சங்கிலிக் கதையைச் சொன்னாள். அறுபத்தொரு வளையத்தையும், மஞ்சள் கவுனையும், வாசற்படியையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. "என்ன நிறத்தில் செய்திருந்தாய்?" என்று கேட்டார். "ஒன்று விட்டு ஒன்று பச்சை" என்றாள். அதன்பின் இருவரும் பேசாமல் நடந்தார்கள். பேருந்துக்குத் திரும்பும் வழியில்தான் அவள் என்னிடம், "அப்பா வரவே மாட்டார் அல்லவா?" என்று கேட்டாள். "வரமாட்டார் கண்ணு. இறந்துவிட்டார்" என்றேன். இரண்டு பேரும் அழுதோம்.

நாலு நாள் முகாம் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. அழைப்புமணிக்கு அவள் இன்றும் திடுக்கிடுகிறாள். ஊர் திரும்பிய இரண்டு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் முகாமில் பழகிய மூன்று பிள்ளைகளோடு இப்போதும் பேசுகிறாள். பெரும்பாலும் நாய்க்குட்டிகளைப் பற்றித்தான் பேச்சு. நடுவில் எப்போதாவது, "நேற்று அப்பா பிறந்தநாள்" என்று ஒருத்தி சொல்வாள். பிரிட்டனிலும் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக இப்படி ஓர் அமைப்பு இருக்கிறது. ஆப்கானிஸ்தானில் கணவரை இழந்த நிக்கி ஸ்காட் என்ற பெண் 2010இல் தொடங்கியது. இரண்டையுமே ஆரம்பித்தவர்கள் கணவரைப் பறிகொடுத்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அரசு செய்யட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

தமிழ்நாட்டில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன. ஓய்வூதியம், கல்வி உதவித்தொகை என்று இந்தக் குடும்பங்கள் அங்கே போய்வருகின்றன. எந்தெந்த ஊரில் எந்தெந்தப் பிள்ளை இருக்கிறது என்று அங்கே தெரியும். டிசம்பர் 7 கொடிநாளில் நாம் உண்டியலில் காசு போடுகிறோம், அது நல்லதுதான். கோடை விடுமுறையில் மூன்று நாள், பத்துப் பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்ட முடியாதா? அமெரிக்காவில் இருப்பதுபோல் பெரிய கட்டடமும் நூற்றுக்கணக்கான ஆட்களும் வேண்டியதில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கை மட்டும் விட்டுவிடக்கூடாது. ஓய்வு பெற்ற சுபேதார்களும் ஹவில்தார்களும் நம் ஊர்களில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உரை நிகழ்த்த வேண்டாம், வீரக்கதை சொல்ல வேண்டாம். குழந்தை நலத்தில் தேர்ந்த ஒருவரிடம் பயிற்சி பெற்று, அந்த மூன்று நாளும் ஒரே ஒரு பிள்ளையோடு தரையில் உட்கார்ந்திருந்தால் போதும். தயவுசெய்து மேடையும் சால்வையும் புகைப்படக்காரர்களும் அங்கே வர வேண்டாம். நம் ஊரில் துக்க வீட்டுப் பெண்கள் கட்டிப்பிடித்து, சொல்லிச் சொல்லி அழுவார்கள். கூட இருந்து அழுவது எப்படி என்று நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பிள்ளைகளைத்தான் அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். இனி இப்படிப் படங்கள் வரும்போது, அந்தக் குழந்தை அழுததா இல்லையா என்று தயவுசெய்து எழுதாதீர்கள். பள்ளியில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஒட்டுவார்கள், பிறகு அந்தப் பையனால் எங்கேயும் அழ முடியாது.

இரண்டாவது, என் மருமகள் சார்பில். அந்தப் படத்தை அவளும் பார்த்தாள். பொத்தான் மாறியிருப்பதை எனக்கு முன்னால் கவனித்தவள் அவள்தான். அவனுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள், தமிழில், அம்மாவிடம் எழுத்துக் கேட்டுக் கேட்டு. அவனுடைய வீட்டார் சம்மதித்தால் உங்கள் அலுவலகம் வழியாக அதை அவனிடம் சேர்ப்பிக்க முடியுமா? ஆறே வரிகள். தன் அப்பா யார், எப்படி இறந்தார் என்று முதலில் சொல்லிவிட்டு, அவன் அப்பா ஊரில் இல்லாத நாட்களை அவன் எப்படி எண்ணுவான் என்று கேட்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓர் அத்தை